தார்ச்சாலைக்கு அப்பால் எந்த ஜாக்கி?

புதுக் காருடன் தரும் கையேட்டில் டயர் மாற்றும் பக்கம் எந்தக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தச் சொல்லித்தான் அது தொடங்கும். கூடவே கொடுக்கும் ஜாக்கியும் அந்த ஒரு வரியை நம்பிச் செய்யப்பட்டது. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் டயர் போனால், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் கூர்ங்கல் ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்தால், ஐப்பசி மழையில் ஊறிய கரிசலில் சக்கரம் பாதிவரை இறங்கினால், அந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அங்கே தரை சமமாகவும் இராது, கெட்டியாகவும் இராது.

வேறு ஜாக்கி வாங்கலாம் என்று கடைக்குப் போனால் முதல் கேள்வி, “எத்தனை டன் சார் வேணும்?” என்பதுதான். எண் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிது என்று நினைத்து 5 டன், 10 டன் என்று வாங்கி வருகிறவர்கள் நிறைய. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று கதவுத் தார் வண்டி ஆளில்லாமல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன். ஆளும் சாமானும் சேர்த்து இரண்டேகால் டன் என்று வைத்தாலும் ஒரு சக்கரத்தின் பங்கு 600 கிலோவை ஒட்டித்தான் வரும். சரிவில் நிற்கும்போதும், சேறு சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்போதும் இது கூடும். இருந்தாலும் ஒரு சக்கரத்தைத் தூக்க 2 டன் ஜாக்கி தாராளம். காட்டுப் பாதையில் ஜாக்கி பாரம் தாங்காமல் உடைவது அபூர்வம். பெரும்பாலும் அது மண்ணுக்குள் இறங்கும், அல்லது சாய்ந்து வழுக்கும். சில சமயம் வண்டிக்கு அடியில் நுழையவே நுழையாது. நுழைந்து முழுதும் ஏறிய பிறகும் டயர் தரையை விட்டு எழும்பாமல் கிடக்கும். டன் கணக்கைக் கூட்டினால் இவற்றில் ஒன்றும் தீராது. ஒன்றிரண்டு மோசமாகக்கூட ஆகும்.

ஆகவே ஜாக்கி வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. வண்டியில் எந்த இடத்தில் முட்டுக் கொடுக்கப் போகிறோம்? எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? ஜாக்கி நிற்கப்போகும் மண் என்ன மண்?

அதற்கும் முன்னால் ஒன்று: தூக்கத்தான் வேண்டுமா? டியூப்லெஸ் டயரின் அடிப்பக்கத்தில் ஆணி ஏறியிருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் கிட்டால் அடைத்து, கையடக்கக் கம்ப்ரஸரால் காற்று பிடித்துவிடலாம். மணலில் புதைந்த வண்டிக்குக் காற்றைக் குறைப்பதும் மண்வெட்டியால் டயருக்கு முன்னால் வழி செதுக்குவதும்தான் முதல் வைத்தியம். இவை பலிக்காதபோது, அல்லது டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டபோதுதான் ஜாக்கிக்கு வேலை. 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களில், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று மத்திய அரசு 2020-இல் விதியைத் திருத்தியது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அது வசதி. கிழிந்த பக்கச்சுவரைப் பஞ்சர் கிட் ஒட்டாது என்பதால், காட்டுக்குள் போகிறவர் அந்தச் சலுகையை மறந்துவிடுவது நல்லது.

ஆக்சிலா, சேஸிஸா

நமக்கு எழும்ப வேண்டியது ஒரு சக்கரம். சேஸிஸிலோ பக்கவாட்டுச் சட்டத்திலோ ஜாக்கி போட்டால் முதலில் எழும்புவது பாடி. ஸ்பிரிங் விரிந்து முடியும்வரை சக்கரம் தரையிலேயே கிடக்கும். காட்டுப் பாதைக்கென்று அமைந்த வண்டிகளில் சக்கரம் இப்படிக் கீழே தொங்கும் நீளம் வேண்டுமென்றே அதிகமாக வைக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க அதுதான் வழி. ஜாக்கி போடும்போது அந்த நீளம் முழுவதும் வீண் தூக்கலாகிறது. பாடி மேலே போகப் போக வண்டியின் எடையும் மேலே போகிறது, லேசான உந்தலுக்கும் ஆடத் தொடங்குகிறது. ஆக்சில் குழாயின் அடியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஜாக்கி ஏறும் ஒவ்வொரு அங்குலமும் நேரே சக்கரத்துக்குப் போகும். பாடி ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்தபடியே இருக்கும்.

எல்லா வண்டிக்கும் இது வாய்க்காது. மாருதி ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே நீளமான ஆக்சில். பழைய ஜிப்ஸிக்கும் அப்படியே, பட்டை ஸ்பிரிங்கோடு. பொலேரோவுக்கும் 2020-இல் வந்த தாருக்கும் பின்பக்கம் மட்டும்தான் அந்த அமைப்பு. முன்சக்கரங்கள் தனித்தனிக் கைகளில் தொங்குகின்றன. அந்தக் கீழ்க்கை சரிவாக இருக்கும், வண்டி ஏற ஏற அதன் கோணமும் மாறும், ஜாக்கியின் தலை மெல்ல நழுவும். அங்கே கம்பெனி காட்டியிருக்கும் இடத்தில் வைப்பதே முறை. பின் ஆக்சிலில் வைக்கும்போது நடுவில் உருண்டையாகத் தெரியும் டிஃபரன்ஷியல் வசதியாகத்தான் தோன்றும். அது கோளம், ஜாக்கியின் தலை சின்னது. அங்கே வைத்தால் வண்டி இரண்டு பக்கமும் ஊசலாடும். பஞ்சரான சக்கரத்தை ஒட்டி, ஸ்பிரிங் அமரும் இடத்துக்குப் பக்கத்தில், குழாயின் அடியில் வைக்க வேண்டும். வைக்குமுன் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் எண்ணெய்க் குழாய் பல வண்டிகளில் அந்த ஆக்சில் குழாயை ஒட்டித்தான் ஓடுகிறது. அதை நசுக்கிவிட்டால் பஞ்சரைவிடப் பெரிய வில்லங்கம்.

பாடியில்தான் தூக்கியாக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு உபாயம் உண்டு. சாமான் கட்டும் ராட்செட் பட்டையால் ஆக்சிலைச் சேஸிஸோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுத் தூக்கலாம். ஸ்பிரிங் விரிய முடியாததால் பாடியோடு சக்கரமும் எழும்பும். பத்து நிமிட வேலை, உயரத்தில் பாதியை மிச்சப்படுத்தும்.

உள்ளே நுழையுமா, எட்டுமா

ஜாக்கி வாங்குகிறவர்கள் அது எவ்வளவு உயரம் போகும் என்று பார்ப்பார்கள். மூடிய நிலையில் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவர் குறைவு. காற்றுப் போன டயரோடு நிற்கும் வண்டிக்கு முதலில் தேவைப்படுவது இந்த இரண்டாவது அளவுதான்.

தாரின் 255/65 ஆர்18 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 79 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காற்று இருக்கும்போது ஆக்சிலின் மையம் தரையிலிருந்து 38 சென்டிமீட்டர் போல இருக்கும். காற்று முழுதும் போனால் ரிம், மடிந்த ரப்பரின் மேல் உட்கார்ந்துவிடும். மையம் 26 சென்டிமீட்டருக்கு இறங்கும். ஆக்சில் குழாயின் பாதிக் கனத்தைக் கழித்தால் அடியில் மிஞ்சுவது 21, 22. மணலில் டயர் இன்னும் கொஞ்சம் புதைந்திருந்தால் அதுவும் இல்லை. 2 டன் பாட்டில் ஜாக்கி மூடிய நிலையில், மாடலுக்கு ஏற்ப, 15 முதல் 18 சென்டிமீட்டர். அடியில் ஒரு பலகையும் வைத்து எப்படியோ நுழைத்துவிடலாம். 5 டன், 10 டன் ஜாக்கிகளில் பெரும்பாலானவை மூடிய நிலையிலேயே 20 சென்டிமீட்டரைத் தாண்டும். “பெரிதாக இருக்கட்டுமே” என்று வாங்கியவர், தேவைப்படும் நேரத்தில் அதை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜிம்னியின் டயர் 195/80 ஆர்15, விட்டம் 69 சென்டிமீட்டர்தான். அங்கே நெருக்கடி இன்னும் அதிகம்.

மேலே எட்டும் உயரத்திலும் சிக்கல் உண்டு. 18 சென்டிமீட்டரில் தொடங்கும் பாட்டில் ஜாக்கி, தலையில் உள்ள திருகையும் நீட்டினால் 34, 35 வரை போகும். காற்று நிறைந்த ஸ்டெப்னியை மாட்ட இது சரியாகவோ, இரண்டு விரல்கடை குறைவாகவோ வரும். இதற்காக உயரமான ஜாக்கி தேட வேண்டாம். தூக்குமுன்பே வண்டியை மெல்ல நகர்த்தி, காற்றுப் போன டயரை ஒரு தட்டையான கல்லின் மேலோ பலகையின் மேலோ ஏற்றினால் நுழைய இடம் கிடைக்கும். கடைசியில் உயரம் போதாவிட்டால் இன்னும் தூக்க முயலாமல், சக்கரத்துக்கு அடியிலுள்ள மண்ணைத் தோண்டிவிடுங்கள். மண்வெட்டியின் நாலு வீச்சு, ஜாக்கியின் கடைசி ஐந்து சென்டிமீட்டரைவிடப் பாதுகாப்பானது. ஜாக்கி நிற்கும் பக்கத்து மண் சரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மண் எவ்வளவு தாங்கும்

இந்த விஷயத்தில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. டயர் தரையில் தரும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான். 30 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. சிறிய பாட்டில் ஜாக்கியின் அடித்தட்டு ஏறத்தாழ பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். அதன் மேல் 600 கிலோ வந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. அதாவது டயரே புதைந்துபோன மண்ணின் மேல், டயரைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தை ஏற்றப் பார்க்கிறோம். அந்த மண் எப்படித் தாங்கும்?

கட்டடத்துக்கு அடித்தளம் போடும் பொறியாளர்கள் களிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் உண்டு. கட்டைவிரல் சில சென்டிமீட்டர் ஆழம் இறங்கினால் அது மிக இளகிய களி. அதன் மேல் சதுர மீட்டருக்கு 5 டன்னுக்கு மேல் வைக்கலாகாது என்பது அவர்கள் கணக்கு. சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. இப்போது அதே ஜாக்கிக்கு அடியில் 40 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றை வையுங்கள். பரப்பு 1,600 சதுர சென்டிமீட்டர். அதே 600 கிலோ இப்போது சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோவுக்கும் குறைவு. ஜாக்கியை மாற்றவில்லை, டன்னைக் கூட்டவில்லை. ஊறிய கரிசலிலும் அது நிற்கத் தொடங்கிவிடும்.

பலகை வளையக்கூடாது. வளைந்தால் நடுப்பகுதி மட்டும் பாரம் வாங்கும், ஓரங்கள் சும்மா கிடக்கும். ஓரங்குல பிளைவுட் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகி இணைத்துக்கொள்வது நல்லது. இழை ஓடும் திசை குறுக்கும் நெடுக்குமாக இருக்கட்டும். தேரி மணலில் மேலாக இருக்கும் காய்ந்த மணலை விலக்கி, சமமாக்கி, பலகையை வைத்து அதன் மேல் ஒருவர் ஏறி மிதித்து அமர்த்த வேண்டும். பாறையில் பிரச்சினை நேர்மாறு. அங்கே எதுவும் புதையாது; இரும்பும் கல்லும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். இடையில் மரமோ பழைய டயர் துண்டோ வேண்டும். ஆகப் பலகை எல்லா இடத்துக்கும் பொது. ஜாக்கிக்குச் செலவழிக்கும் பணத்தில் கால்வாசிகூட ஆகாத இந்தச் சாமானை வண்டியில் வைத்திருப்பவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கத்தரியும் பாட்டிலும்

காருடன் வருவது பெரும்பாலும் கத்தரி ஜாக்கி. அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: எண்ணெய் இல்லை, வாஷர் இல்லை, கசிவு இல்லை. திருகு தானாகப் பின்னோக்கிச் சுழலாது, எனவே விட்ட இடத்திலேயே நிற்கும். தட்டையாக மடங்கிக் கிடக்கும்போது தூக்கத்தான் அதிக பலம் வேண்டும். ஏற ஏற இலகுவாகும். ஆனால் அடி ஒடுக்கம், கைகள் மெல்லிய தகடு. வண்டி பக்கவாட்டில் ஒரு விரல் நகர்ந்தாலும் மடங்கிவிடும். தார்ச்சாலை ஓரத்துக்கு அது போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நம் தவறு.

பாட்டில் ஜாக்கியின் தத்துவம் பாஸ்கலுடையது, கையில் எடுத்துப்போகும் வடிவத்துக்கு 1851-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை பெற்றார். இத்தனை ஆண்டில் அடிப்படை மாறவே இல்லை. சின்ன பிஸ்டனை நீங்கள் பலமுறை அழுத்துகிறீர்கள், பெரிய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. லாரி முதல் மலை ஜீப் வரை நம் ஊர் ஓட்டுநர்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், வாஷர் போனால் மாற்ற ஆள் இருக்கிறது. எடையும் மூன்று நான்கு கிலோதான்.

அதன் பலவீனங்களைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நிமிர்ந்து நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். டிக்கியில் படுக்கப் போட்டு மலையேறினால் எண்ணெய் கசியலாம், உள்ளே காற்றுப் புகுந்து, அடிக்க அடிக்க ஏறாமல் துள்ளும். பிஸ்டனில் மணல் ஒட்டியபடியே இறக்கினால் அந்த மணல் வாஷரைச் சுரண்டும்; இறக்கும்முன் ஒரு துணியால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இறக்கும் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திறக்கக்கூடாது, வண்டி தடாலென்று விழும். தலை சின்னது என்பதும் குறைதான். ஆக்சில் குழாயின் வளைவுக்குப் பொருந்தும் பள்ளத் தலை வைத்த மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஹை-லிஃப்ட்: படத்தில் அழகு

வண்டியின் பின்கதவிலோ பானெட்டின் மேலோ நீளமான சிவப்பு இரும்புச் சட்டம் ஒன்று கட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூம்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1905 முதல் செய்யப்பட்டுவரும் ஹை-லிஃப்ட் ஜாக்கியும் அதைப் பார்த்துச் செய்த நகல்களும்தான் அவை. பண்ணைக் கருவியாகப் பெயர் பெற்றது. வேலிக் கம்பம் பிடுங்கவும் டிராக்டர் தூக்கவும் உதவியது. 1980 முதல் 2000 வரை நடந்த கேமல் டிராஃபி பயணங்களில், சேற்றில் மூழ்கிய மஞ்சள் நிற லேண்ட் ரோவர்களோடு அது படம் பிடிக்கப்பட்டதிலிருந்து காட்டு வண்டிக்கு அடையாளமே ஆகிவிட்டது. 48 அங்குல மாடலின் எடை 13 கிலோவை ஒட்டியது. கம்பெனி சொல்லும் தாங்குதிறன் 2,114 கிலோ.

அதன் திறமையை மறுக்க முடியாது. மூடிய நிலையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே பிடிக்கும், இடுப்புக்கு மேல் வரை தூக்கும். சங்கிலி கட்டி இழுக்கவும் செய்யலாம். சக்கரத்தையே கொக்கியில் மாட்டித் தூக்கும் துணைப்பொருளும் உண்டு. பாடியைத் தூக்காமல் சக்கரத்தை மட்டும் எழுப்பி அடியில் கல் போட அது அருமையான வழி. எண்ணெயை நம்பாத கருவி என்பதால் கசிவு பற்றிய கவலையும் கிடையாது.

ஆனால் அது எங்கே பிடிக்கும்? கெட்டியான இரும்பு பம்பரோ, பக்கவாட்டில் சேஸிஸோடு பற்றவைத்த குழாய்ச் சட்டமோ இருந்தால்தான் அதன் நாக்குக்குப் பிடிமானம். இன்றைய வண்டிகளின் பம்பர் பிளாஸ்டிக். அதில் மாட்டினால் எழும்புவது பம்பர் மட்டுமே. இந்த ஒரு காரணத்தாலேயே, அதைக் கட்டிக்கொண்டு திரியும் வண்டிகளில் பலவற்றுக்கு அது அலங்காரம்.

வேலை செய்யும் விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால் ஆபத்தும் புரியும். துளையிட்ட சட்டத்தில் இரண்டு ஊசிகள் மாறி மாறித் துளைக்குள் புகுந்து ஏறுகின்றன. கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் ஒரு துளை உயரம். ஏற்றும்போது நாம் பாரத்தைத் தள்ளுகிறோம். இறக்கும்போது பாரம் நம்மைத் தள்ளுகிறது: ஒவ்வொரு துளைக்கும் வண்டியின் எடை கைப்பிடியை மேல்நோக்கி வீசப் பார்க்கும். கைப்பிடி சட்டத்தோடு ஒட்டி நிமிர்ந்து நிற்காதபோது திசை மாற்றும் கொக்கியைத் தட்டிவிட்டாலோ, பாதி வழியில் பிடி நழுவினாலோ அந்த இரும்புக் குழாய் சாட்டை வேகத்தில் மேலும் கீழும் அடிக்கும். தாடை, மூக்கு, கைவிரல் என்று அது காயப்படுத்தும் இடங்கள் இதைப் புழங்குகிறவர்களுக்குத் தெரிந்தவைதான். இன்னொரு குணமும் உண்டு. படிப்படியாக இறங்க அதன் மேல் குறைந்தது 68 கிலோ பாரம் இருக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டு பாரம் அதற்கும் கீழே குறைந்த நொடியில் முழு இயந்திரமும் சரேலென்று அடிவரை விழும். இது பழுதல்ல, அமைப்பே அப்படி. தெரியாதவர் அந்த நேரத்தில் அடியில் கை வைத்திருப்பார்.

புழுதி படிந்தால் ஊசிகள் சிக்கிக்கொள்ளும், வண்டி பாதியில் தொங்கும். புறப்படுமுன் ஊசிகளையும் ஸ்பிரிங்கையும் துடைத்து மெல்லிய எண்ணெய் விட வேண்டும். கெட்டிக் கிரீஸ் மணலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால் உதவாது. ஒற்றைத் தூணில் பாடியை அத்தனை உயரம் தூக்கும்போது வண்டி சாய எந்தப் பக்கமும் திறந்தே இருக்கிறது. பள்ளத்தில் சிக்கிய வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் வேண்டுமென்றே தள்ளிவிடும் வித்தை ஒன்று உண்டு. பழகியவர்கள், சுற்றி ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு செய்வார்கள். காணொளி பார்த்துக் கற்க வேண்டிய பாடம் அது இல்லை.

இதே உயரத்தை ஹைட்ராலிக்கில் தரும் வகையும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி 2 டன் தாங்கும் அப்படியொரு நீள ஜாக்கியைச் செய்கிறது. எடை 10 கிலோவை ஒட்டி, கைப்பிடி திருப்பி அடிக்காது, இறக்குவதும் மெல்ல நடக்கும். ஹை-லிஃப்ட்டின் பெரிய ஆபத்தை இது தீர்க்கிறது. விலை பலமடங்கு, பிடிமானத்துக்கு இரும்புச் சட்டம் வேண்டும் என்ற நிபந்தனையும் அப்படியே இருக்கிறது.

காற்றுப் பையும் மற்றவையும்

மணலுக்கென்றே பிறந்தது காற்றுப் பை. வண்டிக்கு அடியில் மடித்து நுழைத்து, சைலன்சர் புகையாலோ கம்ப்ரஸராலோ ஊத வேண்டும். 65 சென்டிமீட்டர் விட்டமுள்ள பையின் பரப்பு 3,300 சதுர சென்டிமீட்டர் வரும். சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ அழுத்தமே போதும், இரண்டு டன்னுக்கு மேல் எழும்பிவிடும். டயர் தரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் இளகிய மணலிலும் புதையாது. பாடியின் அடிப்பகுதி அகலமாக, தட்டையாக இருக்கும் வண்டிகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

நம் ஊரில் அதற்கு ஒரு பகை இருக்கிறது: சீமைக்கருவேல முள். தேரியிலும் கரிசலிலும் ஆற்றுப் படுகையிலும் அது இல்லாத சாண் நிலம் கிடையாது. பைக்குக் கீழேயும் மேலேயும் தடித்த ரப்பர் விரிப்பு இல்லாமல் ஊதினால் பத்தே நொடியில் காற்று இறங்கும். சூடான சைலன்சர் குழாயைத் தொட்டாலும் உருகிப் போகும். முழுதும் ஊதிய பை உருண்டுவிடுவதால் வண்டி பக்கவாட்டில் நகரவும் செய்யும். எனவே டயருக்கு அடியில் பலகையோ கல்லோ போட்டுப் புதைகுழியிலிருந்து எழுப்ப அதைப் பயன்படுத்தலாம். அதை நம்பிச் சக்கரத்தைக் கழற்றக்கூடாது. புகையால் ஊதும்போது குனிந்து அடியில் கிடக்கவும் கூடாது. பெட்ரோல் புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

பெரிய சக்கரமும் அடியில் தகடும் வைத்த டிராலி ஜாக்கிகளை அமெரிக்கப் பாலைவனப் பந்தயக்காரர்கள் விரும்புகிறார்கள். நிலைத்து நிற்பதில் அதற்கு இணை இல்லை. எடையும் இடமும் பிக்கப் வண்டி வைத்திருப்பவருக்குத்தான் கட்டுப்படியாகும்.

வண்டி எங்கும் போகாமல்

கொழுக்குமலைப் பாதையில் ஒரு ஜீப் ஓட்டுநர் பின்சக்கரம் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் எல்லாரையும் இறங்கச் சொன்னார். இறக்கம் இருக்கும் பக்கத்தில் மூன்று சக்கரங்களுக்கும் கல் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்து இறுக்கினார். சீட்டுக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த பலகை வெளியே வந்தது. கூட இருந்த பையன் ஜாக்கிக் கம்பியைக் கையில் பிடித்தபடி, “அண்ணே, ஏத்திரவா?” என்றான். “நட்டை லூஸ் பண்ணிட்டியாடா தம்பி? வண்டிய மேல தூக்கி வச்சிட்டு அங்க நின்னு மல்லுக்கட்டுவியா?” என்றார் அவர். பையன் அசட்டுச் சிரிப்போடு வீல் ஸ்பேனரை எடுத்தான். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும். தூக்கிய வண்டியில் ஸ்பேனரை உதைப்பதுதான் வண்டி ஜாக்கியிலிருந்து விழப் பெரிய காரணங்களில் ஒன்று.

ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வில்லிஸ் ஜீப்பிலும் பழைய லேண்ட் ரோவரிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்னால் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும்: எழும்பிய சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியின் ‘பி’ நிலைக்கும், கியரில் போட்டு நிறுத்துவதற்கும் இதே கதைதான். ஃபோர் வீல் டிரைவை இணைத்துவிட்டு நிறுத்தினால் முன்சக்கரங்களும் பிடித்துக்கொள்ளும். எப்படியிருந்தாலும் கல் முட்டுத்தான் கடைசி நம்பிக்கை.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் ஸ்டெப்னியை எடுத்துச் சேஸிஸுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அந்த டயரின் மேல்தான் உட்காரும். ஆளும் தப்புவார், பிரேக் டிரம்மும் தப்பும். கழற்றிய டயரை அங்கே வைத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டலாம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எந்த வகை ஜாக்கியாக இருந்தாலும் உடம்பின் எந்தப் பகுதியும் போகக்கூடாது. இதற்கென்றே செய்த ஸ்டாண்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனை நிறுவனம் பற்கள் சரியாகப் பிடிக்காத ஸ்டாண்டுகளைச் சுமார் 17 லட்சம் அளவில் திரும்பப் பெற்றது. அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றிலும் வெல்டிங் குறை இருந்து, அவற்றையும் திரும்பப் பெற வேண்டிவந்தது.

சரிவு அதிகமாக இருந்தால் தூக்கவே கூடாது. காற்றில்லாத டயரோடு முதல் கியரில் நூறு அடி உருட்டிச் சமமான இடத்துக்குப் போய்விடுங்கள். டயர் நாசமாகும், ரிம் அடிபடும். போகட்டும்.

எதை வாங்கலாம் என்று கேட்டால் என் முடிவு இது. கம்பெனி பொருத்திய பம்பரோடு ஓடும் ஜிம்னி, தார், பொலேரோ, கூர்க்கா எதுவானாலும், மூடிய உயரம் குறைந்த 2 டன் பாட்டில் ஜாக்கியும் இரட்டைப் பலகையும் ஒரு குட்டி மண்வெட்டியும் போதும். மணலிலேயே அதிகம் ஓட்டுகிறவர் இரண்டு விரிப்புகளோடு காற்றுப் பையையும் சேர்த்துக்கொள்ளலாம். பம்பரும் பக்கச் சட்டமும் இரும்பில் மாற்றிய பிறகுதான் ஹை-லிஃப்ட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அதுவும் அதை ஏற்றி இறக்கப் பழகிய ஒருவரிடம் நேரில் கற்ற பிறகு.

வாங்கியதை அப்படியே டிக்கியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பின்டயரின் காற்றை முழுதும் இறக்கி, ஜாக்கியும் பலகையும் சேர்ந்து ஆக்சிலுக்கு அடியில் நுழைகிறதா, ஏற்றினால் ஸ்டெப்னி மாட்டும் உயரம் வருகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் திங்கட்கிழமை கடையில் மாற்றிக்கொள்ளலாம்.